கீழ் வீட்டுச் சத்தம்

அந்த நாவலை இரண்டு மூன்று தடவை தொடங்கி மூடி வைத்திருக்கிறேன். அமெரிக்காவின் தெற்கே நொடித்துப்போன ஒரு நிலக்காரக் குடும்பம். அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை, விற்றுத் தீர்ந்த நிலம். கதையை ஆளுக்கொரு பகுதியாகச் சொல்கிறார்கள். யார் பேசுகிறார், இது எந்த வருடம் என்று பிடிபடுவதற்குள் பேசுகிறவர் மாறிவிடுவார். ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை எனக்கு. எதையும் அளந்து பார்த்தே பழகிய புத்திக்கு அந்தப் புத்தகம் அடங்கவில்லை.

பிறகு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். கதையில் வருகிறவர்களுக்குக் கீழ் வீட்டுக்காரர்களின் முகத்தைக் கொடுத்துவிட்டேன்.

நான் வாடகைக்கு இருப்பது மாடியில். கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள், தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பம். சூளகிரிப் பக்கம் இருந்த நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போக, மிஞ்சியது இந்த வீடுதான். அப்பா அம்மா இல்லை. ஓர் அண்ணன், ஒரு தங்கை. அண்ணன் ஏதோ கம்பெனிக்கு ஷிப்ட் போய் வருவார். என்னைப் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி. தங்கை என்னை அக்கா என்பாள். கீரை கடைந்தால் ஒரு கிண்ணம் மேலே வந்துவிடும்.

அண்ணன் வீடு திரும்பியதும் கீழே சத்தம் ஆரம்பிக்கும். நான் திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரி, தெலுங்கு தெரியாது. தெரியாததே வசதியாகப் போயிற்று. நாவலில் தங்கையை வதைக்கும் அண்ணனின் பேச்சை அந்தக் குரலில் கேட்டுக்கொண்டேன். புத்தகம் தானாக ஓட ஆரம்பித்தது. கீழே சத்தம் இல்லாத நாளில் எனக்குப் படிப்பு ருசிக்கவில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் வாங்கித் திரும்பும்போது தெருமுனையில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். கீழ் வீட்டுத் தங்கையைப் பெண் கேட்டிருக்கிறார்களாம். அக்கம்பக்கத்தில் காதும் காதும் வைத்தமாதிரி விசாரிப்பது வழக்கம்தானே. நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு நகர்வதும் வழக்கம்தான். எனக்கோ காலையில் படித்த அத்தியாயம் இன்னும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"பொண்ணு சொக்கத் தங்கம்மா," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "அண்ணன்தான் ஒரு மாதிரி. வீட்ல எப்பவும் சத்தம். வாழ்ந்து கெட்ட குடும்பம், பாவம்."

அந்தப் பெண்ணை அண்ணனிடமிருந்து காப்பாற்றுவதாகவே அப்போது நினைத்தேன்.

சில நாள் கழித்து அண்ணனே மாடி ஏறி வந்தார். தங்கை மாடியிலேயே துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் நின்று துணி எடுத்துக்கொண்டிருந்தாள். எதிரில் நிற்கும் என்னிடம் அவர் தெருவுக்கே கேட்கும்படி பேசினார்.

"பிரஸ் ஷாப்ல வேலை மேடம், காது மந்தமாயிடுச்சு. கத்திதான் பேச வருது. தப்பா எடுத்துக்காதீங்க."

இரும்புத் தகடு அடிக்கும் அந்தப் பகுதி எங்கள் தொழிற்சாலையிலும் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் கேன்டீனில் சாம்பார் கேட்டாலே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும் என்று நாங்களே கேலி செய்வோம். காதை அடைத்துக்கொண்டு தினமும் அதைக் கடந்து போகிறவள் நான். எனக்கா தெரியாமல் போயிற்று? நாவல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, அதனால் தெரிந்துகொள்ள மனம் வரவில்லை. அதன் கடைசிப் பகுதியை இன்றுவரை நான் படிக்கவில்லை.

வந்த சம்பந்தம் தட்டிப்போய்விட்டது, யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள் என்றார் அண்ணன். தங்கைக்குக் கல்யாணம் முடியாமல் தனக்குப் பெண் பார்ப்பதில்லை என்று இருக்கிறாராம். இப்போது ராயக்கோட்டையிலிருந்து இன்னொரு இடம் வருகிறதாம்.

"உங்ககிட்டதான் விசாரிக்கச் சொல்லியிருக்கேன் மேடம். நீங்க சொன்னா நம்புவாங்க. நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க."

"போன தடவை சொன்னது நான்தான்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

அவர் காதருகே கையை வைத்துக் குனிந்தார். "என்ன மேடம்?"

மறுபடி சொல்லத் தைரியம் இல்லை. "சரிண்ணா, நல்லதா சொல்றேன்," என்று கத்தினேன். அவர் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

கொடிக்கு அந்தப் பக்கம் தங்கை, பாதி மடித்த புடவையோடு அப்படியே நின்றிருந்தாள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும்.