மாயக்காள் நடந்த தெரு

குரங்கணிக்கு மேலே, ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக் குடியிருப்பான லயத்தில் இருந்தவர்களில் கங்காணியை எதிர்த்துப் பேசக்கூடியவள் மாயக்காள் ஒருத்திதான். மழை வலுத்தால், "பறிச்சது போதும், வாங்கடி லயத்துக்கு" என்று அவளே முடிவு சொல்லிவிடுவாள். கங்காணி முறைப்பான், அவள் திருப்பி முறைப்பாள். அப்படிப்பட்டவள் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை ஒரு மனுஷன் காலில் விழுந்தாள். விழுந்ததை நினைத்து நினைத்தே பிறகு எரிந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறு, ஐப்பசி மாதம். அவளுடைய தங்கச்சி முத்துப்பேச்சிக்கு இடுப்புவலி எடுத்து ஒரு பகலும் ஓர் இரவும் ஆகியும் பிள்ளை இறங்கவில்லை. விடிந்ததும், கம்பளியை மூங்கிலில் தூளி மாதிரி கட்டி அதில் அவளைக் கிடத்தினார்கள். முத்துப்பேச்சியின் புருஷன் சுருளி முன்கொம்பைப் பிடித்தான். லயத்து ஆட்கள் மூன்று பேர் தோள் மாற்ற வந்தார்கள். மாயக்காள் தங்கச்சியின் தலையைத் தாங்கியபடி பக்கத்திலேயே இறங்கினாள். ஒற்றையடிப் பாதை முழுக்கச் சேறு, காலெல்லாம் அட்டை. யாரும் நின்று பிடுங்கிப் போடவில்லை.

மலைப்பாதை வந்து முடிகிற இடம் சாவடிப்பட்டி. அந்த ஊரின் ஒற்றைத் தெருவைத் தாண்டினால் ரோடு. ரோட்டில் போடிக்குப் போகிற லாரி நின்றுகொண்டிருந்தது மேலிருந்தே தெரிந்தது.

தெருமுனையில் ஒச்சப்பன் நின்றான். ஊரில் அவன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கூடவே ஏழெட்டுப் பேர்.

"எங்க வர்றீக? சேரி ஆளுகளுக்கு ஆத்தோரப் பாதைதான? அப்படிப் போங்க."

"அய்யா, ஆத்துல வெள்ளம் போகுது. பிள்ளைத்தாச்சி. உசுருக்குப் போராடுறா. இன்னைக்கு ஒரு நாள் விடுங்க" என்றான் சுருளி.

"இன்னைக்கு ஒரு நாள்னு ஆரம்பிச்சு நாளைக்குச் செருப்புப் போட்டுட்டு வருவீக. திரும்பு."

அப்போதுதான் மாயக்காள் விழுந்தாள். சேற்றில் முகம் படிய, அவன் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டு, "சாமி, சாமி" என்றாள். ஒச்சப்பன் காலை உதறிப் பின்னால் வைத்தான். தொட்டுவிட்டாள் என்ற அருவருப்பு அவன் முகத்தில் இருந்தது. தெருவில் கதவுகள் திறந்திருந்தன. ஆணும் பெண்ணும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆற்றோரமாகப் போனார்கள். இடுப்பளவு தண்ணீர். வழுக்குப் பாறையில் இரண்டு தடவை தூளி சரிந்தது. சுற்றிவளைத்து ரோட்டைப் பிடிப்பதற்குள் லாரி போய்விட்டது. அடுத்த வண்டி கிடைத்துப் போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முத்துப்பேச்சி பேச்சை நிறுத்தியிருந்தாள். தாயும் பிள்ளையும் சேர்ந்தே போய்விட்டார்கள்.

பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த நர்ஸ் தேவகிருபை கையைத் துடைத்தபடி, "ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

"நிறுத்தாதீக. முழுசாச் சொல்லுங்க" என்றாள் மாயக்காள்.

"காப்பாத்தியிருக்கலாம், அக்கா."

மாயக்காள் அழவில்லை. "இதை எழுதித் தருவீகளா?" என்று கேட்டாள்.

தேவகிருபை எழுதிக் கொடுத்தாள். கூடவே போலீஸ் ஸ்டேஷனுக்கும் வந்தாள். மூன்று நாள் அலையவிட்ட பிறகுதான் புகாரை வாங்கினார்கள். தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அப்படி ஒரு சட்டம் இருப்பதை அந்த ஸ்டேஷனுக்கே தேவகிருபைதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

கேஸ் பதிவானதும் சாவடிப்பட்டிக்குச் சமாதானத்தின் மேல் திடீரென்று ஆசை வந்தது. போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்த பெத்துராஜ் கதர் கட்டுகிறவர், நாலு பேருக்கு நல்லவர் என்று பெயர் எடுத்தவர். அவர் முன்னால் நின்று ஒரு விழாவுக்கு ஏற்பாடு செய்தார். டிசம்பர் பத்தாம் தேதி உலகமெங்கும் மனித உரிமை நாளாம்; அன்றைக்கே, சாவடிப்பட்டிப் பள்ளிக்கூட மைதானத்திலேயே, சமாதான விழா. ஒச்சப்பன் சுருளிக்கு மாலை போடுவான். மாயக்காளும் ஒச்சப்பனும் சேர்ந்து ஒரு வெள்ளைப் புறாவைப் பறக்கவிடுவார்கள். பிறகு அவள் ராஜிப் பத்திரத்தில் கைநாட்டு வைப்பாள், கேஸ் முடியும்.

தோட்டத்து முதலாளியும் சொல்லியனுப்பினார். போகாவிட்டால் லயத்தில் இடமில்லை என்பதை அந்தச் சொல்லிலேயே புரியவைத்திருந்தார்.

"போவோம் மதினி. அங்க என்னதான் பேசுறாகன்னு கேப்போம்" என்றான் சுருளி. பெண்டாட்டி செத்ததிலிருந்து அவன் குரல் இறங்கிப்போயிருந்தது.

விழா அன்று லயத்திலிருந்து இருபது பேர் இறங்கினார்கள். பேட்ஜ் குத்திய தொண்டர்கள் இரண்டு பேர் மலையடியில் காத்திருந்தார்கள். "வாங்க, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிட்டு, ஆற்றோரப் பாதைப் பக்கம் கையைக் காட்டினார்கள்.

மாயக்காள் நின்றாள். "தெரு வழியாப் போனா என்ன?"

"போகலாம்தான். நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்புன்னு விழாத் தலைவர் பெத்துராஜ் அய்யா சொன்னாரு. கொஞ்ச தூரம்தானே, வெரசா வாங்க."

கூட வந்தவர்கள் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். பாறை பாறையாகக் கால் வைத்து நடந்தாள். தூளி சரிந்த இடத்தைத் தாண்டும்போது பல்லைக் கடித்த சத்தம் பக்கத்தில் வந்தவர்களுக்கே கேட்டது.

மைதானத்தில் கலர்க்காகிதத் தோரணம், மைக் செட், மேடையில் வரிசையாக நாற்காலி. மூங்கில் கூடைக்குள் புறா. பெத்துராஜ் நெடுநேரம் பேசினார். மனிதனுக்கு மனிதன் சமம் என்றார். பழையதை மறப்பதே பெருந்தன்மை என்றார். கூட்டம் கை தட்டியது. ஒச்சப்பன் வெள்ளை வேட்டியில், தலையைக் குனிந்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"இப்போது சகோதரி மாயக்காள் இரண்டு வார்த்தை பேசுவார்."

சொல்லிக் கொடுத்திருந்த இரண்டு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம்தான். மைக்குக்கு முன்னால் போய் நின்றாள். குரல் எடுத்த எடுப்பிலேயே மலை வரைக்கும் போனது.

"சமம்னு சொன்னீகளே அய்யா, எங்களை இங்க எந்த வழியாக் கூட்டிவந்தீக?"

பெத்துராஜ் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"என் தங்கச்சியக் கொன்ன வழியாக் கூட்டிவந்தீக. அவளுக்குச் சமாதானம் பேசவே அந்த வழியாத்தான் வரணுமா? மாலையும் வேண்டாம், புறாவும் வேண்டாம். மேடையில இருக்கிற அத்தனை பேரும் எந்திரிங்க. என்கூட இந்தத் தெருவுல நடங்க. அந்த முனைக்குப் பத்திரத்தக் கொண்டாங்க, கைநாட்டு வைக்கிறதப் பத்தி அங்க வச்சுப் பேசுவோம்."

யாரும் எழுந்திருக்கவில்லை. பெத்துராஜ் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "அம்மா, எதுவும் படிப்படியாகத்தான் நடக்கும். அவசரப்பட்டால்..." என்றார்.

"என் தங்கச்சிக்கு அவசரமா இருந்துச்சே! அன்னைக்கு எங்க போயிருந்தீக எல்லாரும்?"

ஒச்சப்பன் எழுந்தான். "மேடையில ஏத்துனா இப்படித்தான். ஏ பிள்ள, இறங்கு கீழ."

அவள் அவனைப் பார்த்தாள். "உன் காலப் பிடிச்ச கையிடா இது. தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவியும் எனக்கு ஆத்திரம் போகல."

இறங்கி நேராகத் தெருவுக்குள் நடந்தாள். சுருளி கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடினான். கடைசி வரிசையில் இருந்த தேவகிருபை எழுந்து வந்தாள். அப்புறம் லயத்துப் பெண்கள், பிறகு ஆண்கள். கதவுகள் படபடவென்று சாத்தப்பட்டன. எங்கிருந்தோ வந்த ஒரு கல் சுருளியின் தோளில் பட்டது, தடவிக்கொண்டு நடந்தான். விழாவுக்குக் காவலாக வந்திருந்த போலீஸ்காரர்கள், வெளியூர்க்காரர்கள் பார்க்கிறார்களே என்று, வேறு வழியில்லாமல் கூடவே வந்தார்கள்.

ஒரு வீட்டு வாசலில் மட்டும் கதவு சாத்தவில்லை. ஒச்சப்பன் பெண்டாட்டி ஆயம்மாள் நின்றாள். கண் கலங்கியிருந்தது. "அன்னைக்கே விட்டிருக்கலாம், ஆத்தா" என்றாள் மெதுவாக.

மாயக்காள் நின்றாள். "இப்பச் சொல்ற. அன்னைக்கு நீயும் இதே வாசல்லதான நின்ன? நாலு பிள்ள பெத்தவ, அன்னைக்கு ஏன் வாயத் திறக்கல?"

பதிலுக்குக் காத்திராமல் மாயக்காள் மேலே நடந்தாள்.

அவள் கைநாட்டு வைக்கவில்லை. மறுவாரமே லயத்து அறையைப் பூட்டிவிட்டார்கள். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் வேறொரு தோட்டத்துக்குப் போனாள். கேஸ் ஒன்றரை வருஷம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலை இறங்கி வந்தாள். தூளி தூக்கியவர்களில் இரண்டு பேர் தங்களுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டார்கள். சாவுக்கு ஒச்சப்பன் பொறுப்பில்லை என்றும், வழி மறித்தது மட்டும் குற்றம் என்றும் தீர்ப்பு வந்தது. அபராதம் கட்டிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டே வெளியே போனான். மாயக்காள் கோர்ட்டு வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

ஆனால் மலைச்சனங்கள் அந்த விழா நாளுக்குப் பிறகு ஆற்றோரப் பாதையில் கால் வைக்கவில்லை. ஊர்க்காரர்கள் முறைத்தார்கள், சாணியைக் கரைத்து ஊற்றினார்கள், நாயை அவிழ்த்துவிட்டார்கள். இவர்கள் பத்துப் பத்துப் பேராகச் சேர்ந்து தெருவிலேயே நடந்தார்கள். ஐம்பத்தெட்டு ஆடியில் மாசானம் என்பவனுடைய பெண்டாட்டி பொன்னுமணிக்கு வலி எடுத்தது. தூளி தெருவுக்குள் வந்தபோது ஒச்சப்பன் வெளியே வந்து நின்றான். ஆளுகளை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். போடியில் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

சேதி கேட்டு மாயக்காள் போடிமெட்டிலிருந்து ஜீப்பைப் பிடித்து வந்தாள். குழந்தையைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்து, தாயிடம் கொடுத்தாள்.

"எம்புட்டு நேரமாச்சு தெருவைக் கடக்க?" என்று மாசானத்திடம் கேட்டாள்.

"ஒரு வெத்தலை போடுற நேரம் இருக்கும், அக்கா."

அவள் விறுவிறுவென்று ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். பஸ்சுக்கு நிற்கிற சனம் மொத்தமும் திரும்பிப் பார்க்க, சாவடிப்பட்டியை, ஒச்சப்பனை, மேடையில் உட்கார்ந்திருந்தவர்களை, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி ஏசத் தொடங்கினாள். தேவகிருபை ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். தடுக்கவில்லை.