கார்டு செல்லாத ஆஸ்பத்திரி

நாங்கள் ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகர்வாசிகள். கிராமத்துக் கல்யாணம் ஒன்றின் பந்தியில் என் கணவர் கையிலிருந்து டம்ளர் நழுவியது. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டேன். மகள் காரை ஓட்ட, திரும்பும் வழியில் அவருக்கு வாய் கோணி, பேச்சுக் குழறியது.

"அப்பா ஆபீஸ் மெடிக்கல் கார்டு ஹைதராபாத்லதான் செல்லும், அங்கேயே ஓட்டுடி!" என்று அலறினேன்.

"கார்டு நக்கோம்மா, வேண்டாம்! அவ்வளவு தூரம் தாங்காது" என்ற மகள், வழியிலிருந்த அரசு ஆஸ்பத்திரிக்குள் காரைத் திருப்பினாள்.

ஸ்கேன் எடுத்து உடனே ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் அந்த ஊசியைப் போட்டிருக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னார்.

இப்போது எங்கே கிளம்பினாலும், வழியில் ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரி எது என்று முதலில் விசாரிக்கிறேன். அவர் சற்றே மௌனமானாலும், "ஏங்க, என் பேரைச் சொல்லுங்க" என்கிறேன்.