முன்வரிசையில் இரண்டு ஆன்ட்டிகள்

ராக் இசை பிடிக்கும் என்று ஒரு பையன் சொன்னால் ஆம்பூரில் வயசுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள். நாற்பதைத் தாண்டிய, ஷூ கம்பெனி தையல் லைனில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு பொம்பளை சொன்னால் வேறு ஏதோ கோளாறு என்பார்கள். சொல்லட்டும். எனக்குப் பிடிக்கும்.

கம்பெனியில் முன்பு இருந்த ஒரு டிசைனர் தன் அறையில் அந்தப் பாட்டுகளைச் சத்தமாக வைப்பார். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு போவார்கள். நான் வேலை இருப்பதுபோல் அங்கேயே நிற்பேன். என் லைனில் தைக்கிற பேரணாம்பட்டுக்காரி ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என் இயர்போனில் ஒன்றைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

“இன்னாக்கா இது, கோவம் வந்தவன் கத்துற மாதிரி இருக்கு?” என்றாள். கொஞ்சம் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் கத்துறான்” என்றாள். அதிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் ஆளுக்கு ஒரு இயர்போன்.

பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்களுக்குப் பிடித்த குழு வாசிக்கப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கும் அவளுக்குமாக இரண்டு டிக்கெட் எடுத்தேன். என் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அங்கெல்லாம் குடிச்சிட்டு ஆடுவானுங்க. உனக்கு இன்னா வேலை அங்க?”

“நான் குடிக்காம ஆடப் போறேண்ணா.”

அவள் வீட்டுக்காரர் மட்டும், “பசங்கள நான் பார்த்துக்கறேன், போய்ட்டு வாங்க” என்றார்.

காலை ரயிலில் பெங்களூர் வரை நின்றுகொண்டே போனோம். ஆட்டோக்காரர்கள் மைதானத்தின் பேரைக் கேட்டதுமே தலையைத் திருப்பிக்கொண்டார்கள். கடைசியில் இவள் உருதுவில் சண்டை போட்டு ஒருவரை வழிக்குக் கொண்டுவந்தாள். அவரும் பாதி வழியில், ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்று இறக்கிவிட்டார். மீதி தூரம் வெயிலில் நடை.

வாசலில் பையைச் சோதித்த பெண் தமிழ்க்காரி. புர்கா போட்ட இவளையும் புடவை கட்டிய என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

“பசங்கள கூட்டிட்டுப் போக வந்தீங்களாம்மா? அந்தப் பக்கம் வெயிட் பண்ணுங்க.”

“பசங்கள ஊர்ல விட்டுட்டு வந்துருக்கோம்” என்று டிக்கெட்டைக் காட்டினேன்.

குடையை வாங்கி வைத்துக்கொண்டார். சாப்பாட்டையும் தூக்கிப் போடச் சொன்னார். டப்பாவில் இவள் விடிகாலையில் எழுந்து செய்த குஸ்காவும் கத்திரிக்காய்த் தொக்கும் இருந்தன. அதைக் குப்பையில் போடுவதா? வாசலுக்கு நேர் எதிரே நடைபாதையில் உட்கார்ந்து, கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு, காலி டப்பாவோடு மறுபடி வரிசையில் நின்றோம்.

உள்ளே முன்பக்கம் நகர்ந்தபோது தாடி வைத்த ஒருவன், “ஆன்ட்டி, ஓரமா போங்க, இடிபடுவீங்க” என்றான்.

“நீ இடிக்காம நில்லு” என்றாள் இவள். மேடைக்கு முன்னால் இருந்த கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டோம். அதற்கப்புறம் அசையவில்லை.

மூன்றாவது பாட்டில் மழை கொட்டியது. கரண்ட் போய் ஸ்பீக்கர்கள் ஊமையாகிவிட்டன. கூட்டம் கூடாரங்களுக்கு ஓடியது. அந்தத் தாடிக்காரனும் ஓடினான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு மழைக்கு இடத்தை விட்டுக் கொடுக்க எங்களுக்கு மனமில்லை. தொப்பலாக நனைந்தபடி நின்றோம்.

அப்போது டிரம்ஸ்காரர் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அடிக்க ஆரம்பித்தார். பாடகர் மேடை விளிம்புக்கு வந்து குந்தி உட்கார்ந்து, மைக் இல்லாமல் வெறும் தொண்டையில் பாடினார். தடுப்போரம் நின்ற கொஞ்சம் பேருக்காக மட்டும். எங்களுக்குத் தெரிந்த வரிகளை நாங்களும் தப்புத்தப்பாகக் கத்தினோம். இவள் கண்ணை மூடிக்கொண்டு, நனைந்த புர்காவோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் கேட்ட சத்தமெல்லாம் மிஷின் சத்தம், யாருக்கோ வேலை நடக்கிற சத்தம். இது எங்களுக்காக எழுந்த சத்தம். கரண்ட் திரும்பி கிடார் நெஞ்சில் மோதியபோது நான் அழுதேன். மழையில் யாருக்குத் தெரியும்?

நாங்கள் ஆடியதை யாரோ வீடியோ எடுத்துப் போட, நாங்கள் வேலைக்குத் திரும்புவதற்குள் அது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. மேனேஜர் இருவரையும் கூப்பிட்டார்.

“நம்ம ஷூவ வாங்குற வெளிநாட்டு பையர் பார்த்தா கம்பெனியப் பத்தி இன்னா நினைப்பான்?”

“அவங்க ஊர் மியூசிக்தான் சார் அது” என்றேன்.

“ஞாயித்துக்கிழம எங்களுது சார்” என்றாள் இவள். அவர் எங்களை லைனுக்குப் போகச் சொன்னார்.

இவள் தெருவில் பேச்சு அத்தனை சீக்கிரம் ஓயவில்லை. இன்னும் சில பேர் இவளைப் பார்த்ததும் தலையை வேகமாக ஆட்டிக் கிண்டல் செய்கிறார்கள். இவள் நின்று, கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்துவிட்டு, “தாளம் தப்புது” என்று சொல்லிவிட்டு நடக்கிறாள்.