மீனம்பாக்கத்துச் சாப்பாடு

விமான நிலையச் சாப்பாடு என்றால் இன்றைக்கும் எனக்கு இளக்காரம்தான். விருதுநகர் ஸ்டேஷன் வாசலில் தள்ளுவண்டிக்காரன் சுட்டுப்போடும் வடைக்கு இருக்கிற ருசி அங்கே எதற்கும் கிடையாது. நான் முதலில் அப்படி ஓர் இடத்தில் உட்கார்ந்தது அறுபதுகளின் நடுவில், சென்னை மீனம்பாக்கத்தில். சிவகாசியிலிருந்து சித்தப்பாவோடு போயிருந்தேன்.

எங்கள் குடும்பத்துக்கு அச்சகம். அப்பாவும் சித்தப்பாவும் கடன் வாங்கிப் புது மிஷின் இறக்கியிருந்தார்கள். காலண்டர் ஆர்டர் ஒன்று பெரிதாக வராவிட்டால் அதை விற்க வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்போதுதான் காலண்டர் அச்சடிக்க ஆள் தேடும் கல்கத்தா சேட்டு ஒருவர் கொழும்பிலிருந்து வந்து மீனம்பாக்கத்தில் விமானம் மாறுகிறார், ஒன்றரை மணி நேரம் இருப்பார், சாப்பிடக் கூப்பிட்டுப் பேசிக்கொள்ளுங்கள் என்று தரகர் சொல்லி அனுப்பினார். சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. மதுரையில் காலேஜ் படித்த பெரிய மேதாவி நான் இருந்தேனே, என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த ஹோட்டலைச் சொல்ல வேண்டும். தலைப்பாகை கட்டிய சர்வர் எங்கள் வேட்டியை ஒரு பார்வை பார்த்தான். அவன் கொண்டுவந்த சூப், ரசத்துக்கு உப்புப் போட மறந்தால் வருமே, அது. ரொட்டியைக் கருக்கி வைத்திருந்தார்கள். இதற்கு வெள்ளை விரிப்பு வேறு கேடு! சித்தப்பா மஞ்சள் பையிலிருந்து சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தை எடுத்து அந்த விரிப்பின்மேல் பிரித்து வைத்தார். எனக்கு மானமே போயிற்று. அவரோடு வந்தவன் இல்லை என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சேட்டு வந்து எதிரே உட்கார்ந்து முள்கரண்டியால் கட்லெட்டைக் கொத்திக் கொத்தித் தின்றார். நடுவில் இரண்டு தடவை பையைப் பார்த்தார். காலண்டர் சாம்பிள்கள் அதற்குள் சுருட்டிக் கட்டி இருந்தன. சித்தப்பா பையைக் காலால் நாற்காலிக்கு அடியில் தள்ளினார். எங்கள் ஊர்ப் பக்கத்தில் விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவும்வரை யாவாரப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் சோற்றுக்கு விலை பேசினதாகிவிடும்.

"சாம்பிளை எடுக்கட்டுமா?" என்று கிசுகிசுத்தேன்.

"பொறுலே, என்ன பறக்கே? அவுக கை கழுவட்டும். இன்னொண்ணு வைக்கச் சொல்லு."

இன்னொரு கட்லெட் வந்தது. பிறகு டீ வந்தது. முள்கரண்டியால் சாப்பிடுகிறவன் கை கழுவ எழுந்திருக்க மாட்டான் என்று எனக்குத் தெரியும். மதுரையில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டிக்காட்டு வழக்கத்தைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஒலிபெருக்கியில் இங்கிலீஷில் கல்கத்தா விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். சேட்டு துணியில் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து கும்பிட்டார். சித்தப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"கை கழுவப் போறாக. கூடப் போலே. தண்ணி எங்கன இருக்குன்னு காட்டு."

கூடப் போனேன். சேட்டு நேராகக் கண்ணாடிக் கதவைப் பார்த்து நடந்தார். வாசலில் நின்று இங்கிலீஷில் சொன்னார்: "உன் சித்தப்பா நல்ல மனிதர். காலண்டர் சாம்பிள் ஏதாவது காட்டுவார் என்று நினைத்தேன். கொண்டுவரவில்லை போலிருக்கிறது. சரி, கல்கத்தாவிலேயே ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆர்டரை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்."

வரிசையில் அவருக்கு முன்னால் பத்துப் பேராவது நின்றார்கள். ஓடிப் போய் எடுத்துவர நேரம் இருந்தது. ஆனால் கோட்டும் சூட்டுமாக நின்ற அந்தக் கூட்டத்துக்கு நடுவில் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்கு வெட்கம். சிரித்துக் கைகுலுக்கி அனுப்பிவைத்தேன். சீ, நானும் ஒரு மனுஷன்!

திரும்பி வந்தால், சித்தப்பா சர்வரை விரட்டி மேஜையைத் துடைக்கச் சொல்லி, காலண்டர் படங்களை வரிசையாக விரித்து வைத்திருந்தார். சுருண்ட முனைகளை உள்ளங்கையால் நீவிக்கொண்டே கேட்டார்: "கை கழுவிட்டாகளா?"

மிஷின் தீபாவளிக்கு முன்னாலேயே திருத்தங்கல்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. கேட்டவர்களுக்கெல்லாம் சித்தப்பா ஒரே பதில்தான் சொன்னார். "எங்க மேல குத்தமில்லய்யா. வயிறு நெறயத் தின்னுட்டு, ஒரு வார்த்தை கேக்காமப் போயிட்டான். அம்புட்டுத்தான் அவன் யோக்கியதை. ஏலே, நீயும்தான கூட இருந்தே, சொல்லு."

ஒவ்வொரு தடவையும் நான் ஆமாம் என்று சொன்னேன்.