ஓடை முகத்துக் கேழ்வரகு

மேடைக்கு அஞ்சியவன் அல்லன் நான். ஆயினும் நேற்று பாப்பாரப்பட்டியில், பட்டிமன்றத் திடலில் தண்ணீர் தெளித்ததும் எழுந்த சேற்று மணத்தில், பேச எழுந்த எனக்கு முதல் வரி ஒரு கணம் மறந்துபோனது.

ஏரியூருக்கு அப்பால், அணையின் தேங்குநீரில் ஓடை வந்து கலக்கும் முகத்தில், கோடைதோறும் நீர் வடிந்து வண்டல் வெளிப்படும். அதில்தான் எங்கள் கேழ்வரகு. என் சிறுவயதில், மாலைதோறும் அம்மாவும் நானும் வெடிப்பு விட்ட அந்தச் சமதரையில், கொக்குகளின் கால்தடம் பார்த்தபடி, நீரோரம் வரை மெல்ல நடந்துபோவோம். ஓராண்டு மேற்கே மழை முந்திக்கொண்டது; அணையில் நீர் ஏறத் தொடங்கியது. அம்மா நீர் விளிம்பில் நட்ட ஆமணக்குக் குச்சி மறுநாள் மாலை நீருக்குள் நிற்கும். நடை நாளுக்கு நாள் குறுகியது, எங்கள் பேச்சும் குறைந்தது.

"இன்னிக்கே அறுத்துடலாங்க," என்றாள் அம்மா.

"பால் கதிரு, மாட்டுக்குத்தான் ஆவும். நாலு நாள் பொறு," என்றார் அப்பா.

"மாடாவது தின்னட்டுங்க. மீனுக்கா வெதச்சோம்?"

அப்பா அரிவாளை எடுத்தார். முழங்கால் நீரில் இருவரும் அறுக்க அறுக்க, கட்டுகளை நான் கரையேற்றினேன். கடைசி வரிசையில் நீர் அப்பாவின் இடுப்பைத் தொட்டது. "போதும், ஏறி வாங்க!" என்று அம்மா அலறிய பிறகே அவர் கரைக்குத் திரும்பினார்.

மறுநாள் மாலை, பழக்கத்தில் நானும் அம்மாவும் கிளம்பினோம். மேட்டிலிருந்து இறங்கியதுமே நீர். அடுத்த கோடையில் ஓடை திசை மாறியிருந்தது. எங்கள் வண்டல் நிலம் மீண்டும் வெளிப்படவே இல்லை. அந்த மாலை மேற்கொண்டு நடக்க வழியின்றி நின்ற எங்களுக்குப் பின்னால், கொட்டிலில் மாடுகள் பச்சைக் கதிரை மென்றுகொண்டிருந்தன.