பின்சக்கரத்து நட்டுகள்

ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க ஆட்களை ஏற்றிப் போவது என் பிக்கப் வண்டிதான். முன் டயர்கள் தேய்ந்துவிட்டதால், ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, அவற்றைப் பின்னுக்கும் பின்னிருந்தவற்றை முன்னுக்கும் நானே மாற்றினேன். நட்டுகளைக் கையால் மாட்டிவிட்டு, வண்டியை இறக்கியபின் ஸ்பானரால் இறுக்க வேண்டும். நடுவில் போன் வந்தது.

மறுநாள் வண்டியின் பின்னால் எட்டுப் பெண்கள். பாதி வழியில் அவர்களில் ஒருத்தியான அஞ்சலை கேபினைத் தட்டினாள்.

"அண்ணா, கீழ இன்னாமோ சத்தம் வருது. நிறுத்துங்க."

"ஜல்தியா போவணும், சும்மா ஒக்காந்துக்கினு வா" என்று பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. எரிச்சலோடு இறங்கிப் பார்த்தேன். இடது பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகளைக் காணோம். மற்றவை விரல் பட்டாலே சுழன்றன.

யாரும் என்னைத் திட்டவில்லை. எட்டுப் பேரும் வெயிலில் வந்த வழியே குனிந்து தேடிக்கொண்டு போனார்கள். வெகுநேரம் கழித்து அஞ்சலை இரண்டு நட்டுகளையும் முந்தானையில் துடைத்து நீட்டினாள்.

"ஏதோ நெனப்புல மறந்திருப்பீங்க. விடுங்கண்ணா. முடுக்குங்க, போலாம்."

மறந்துவிட்டேன் என்றுதான் நானும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் என் சீட்டுக்குக் கீழே இருக்கும் முன்சக்கரங்களை மட்டும் இரண்டு முறை இறுக்கிப் பார்த்திருந்தேன். அதை இன்றுவரை அவர்களிடம் சொல்லவில்லை.