ஓடுகிற ஓணான்தான் வேண்டும்

பேருந்து நிலையத்துக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் அந்த ஸ்டுடியோவுக்குப் போகாதவர் ஊரில் குறைவு. பாஸ்போர்ட்டோ வேலை விண்ணப்பமோ, எதுவானாலும் ஸ்டுடியோ அக்காவிடம்தான் முகத்தைக் காட்ட வேண்டும். "முகவாயைத் தூக்குங்க, ஆடாதீங்க, கண்ணை மூடிடாதீங்க" என்று ஊரையே அசையாமல் உட்கார வைத்தவள். அப்படிப்பட்டவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல் ஒரு கிறுக்குப் பிடித்தது பாருங்கள், நிற்கவே நிற்காத பிராணியைத்தான் படம் எடுப்பேன் என்று!

ஊரைத் தாண்டினால் பாலைவனம். அங்கே மணல் ஓணான் என்றொரு குட்டிப் பிசாசு உண்டு. அதோ என்று கை நீட்டுவதற்குள் அடுத்த புதருக்குப் போய்விடும். கடைக்கு விடுமுறை என்றால் அக்கா அந்த மணலில் குப்புறக் கிடப்பாள். அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முணுமுணுத்துக்கொண்டே வேனை ஓட்டி வந்து, குடையும் பிடிப்பார். ஓணான் அவர்களுக்குத் தண்ணி காட்டியது கொஞ்சநஞ்சமல்ல. பாதிப் படத்தில் வால் மட்டும் இருக்கும், மீதியில் வெறும் மணல்.

அந்த நேரம் பார்த்து நகரத்து அருங்காட்சியகம், ஓடுகிற மணல் ஓணான் படம் ஒன்று வேண்டும் என்று அறிவித்தது. வாசல் சுவர் முழுக்க அந்த ஒரே படம், கீழே எடுத்தவர் பெயர். அக்காவுக்குத் தூக்கம் போயிற்று. பாஸ்போர்ட் படத்துக்குக் கீழே எடுத்தவள் பெயரை யார் போடுகிறார்கள்?

கடைசித் தேதிக்கு முன்னால் மிச்சமிருந்தது ஒரே ஒரு விடுமுறை. விடிந்ததும் அக்கா மணல்மேட்டின் மறுபக்கம் ஓணான் தடம் தேடிப் போய்த் திரும்பினாள். கணவர் பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"வா, வந்து பாரு! உன் ஆளைப் பிடிச்சு வச்சிருக்கேன்."

கல்லின்மேல் ஓணான். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, அப்படியே ஓடுகிற கோலம். அக்கா பரபரவென்று கேமராவைத் தூக்கினாள். வெளிச்சமும் அருமை. ஆனால் லென்ஸ் வழியாகப் பார்த்தால் கண் பாதி மூடியிருந்தது, வயிறு ஏறி இறங்குவதே தெரியவில்லை.

"என்னங்க பண்ணினீங்க இதை?"

"புதரடில தூங்கிட்டிருந்துச்சு, அள்ளிட்டு வந்து தண்ணி பாட்டிலோட ஐஸ் பெட்டில கொஞ்ச நேரம் வச்சேன். கால் ரெண்டையும் நான்தான் முன்ன பின்ன தள்ளி வச்சேன். குளிர் பட்டா எதுவும் ஓடாது, என் தொழிலாச்சே! சீக்கிரம் எடு."

"அட கடவுளே! உசிருங்க அது, உங்க கம்ப்ரஸர் இல்ல!"

"யாருக்கும்மா தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல. என் பேருங்க கீழ வரப்போவுது!"

அவள் கேமராவைக் கீழே வைத்தாள். ஓணானை வெயிலில் விட்டு, பறவை ஏதும் கொத்திக்கொண்டு போகாமல் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தாள். நல்ல வெளிச்சமெல்லாம் அதிலேயே போயிற்று. கடைசியில் ஓணான் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்துவிட்டு எடுத்தது ஓட்டம். "எடு, எடு!" என்று அவர் கத்தினார். அவள் கேமராவைத் தொடவில்லை.

"பாவம், அது பட்டது போதும். வேற பார்க்கலாம்."

உச்சி வெயிலில் மணல் கொதித்தது. குடை பிடித்தவர் அன்று முணுமுணுக்கக்கூட இல்லை. பொழுது சாய்வதற்கு முன் எங்கிருந்தோ வந்த வேறோர் ஓணான், வாலைத் தூக்கிக்கொண்டு அவளுக்குக் குறுக்கே பாய்ந்தது. விரல் தானாக அழுத்திற்று. நாலு காலும் தரையில் இல்லை, பின்னால் மணல் தெறிக்கிறது, வால் நுனி மட்டும் லேசாகக் கலங்கல். அக்கா மணலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள்.

இன்று அந்தப் படம் அருங்காட்சியக வாசல் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கிறது. திறப்பு நாளன்று கோட்டு சூட்டுப் போட்ட ஒருவர் படத்தை அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் நின்றவரிடம், "எல்லாம் ஐஸ்ல வச்சு எடுக்கிறது சார், எனக்குத் தெரியாதா?" என்றார்.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஐஸ்ல வச்சவன் நான்தாங்க. அதை எடுக்க மாட்டேன்னு கேமராவைக் கீழ வச்சவ இவ, என் பொண்டாட்டி. நீங்க பார்க்கிறது வேற ஓணான். நல்லாப் பாருங்க சார், அது ஓடுது!"